திருமகள் வடிவம் தீட்டிய இரவிவர்மா

தாமரைமீது நின்று அருள்புரியும் திருமகளின் படத்தைக் காணாதார் நம் நாட்டில் அரியர். கடைத்தெருவிற் கல்லாப்பெட்டியின் மேலும், இல்லங்களில் விளக்குமாடத்தின் அருகிலும், ஆண்டுதோறும் சுவரில் மாட்டப்பெறும் நாட்காட்டியிலும் அவ்வடிவம் விளங்குகின்றது. அதனை நாடோறும் காண்பவருள்ளும், அஃது ஓர் ஓவியர் எண்ணி ஆராய்ந்து அமைத்த வடிவம் என்பதை நினைப்பவர் சிலரே. இந்நாளில் நிழற்படம் எடுக்கும் கைப்பேசி ஏறக்குறைய எல்லார் கையிலும் உள்ளது. நம்மொத்த இளைஞருட் சிலர், அவ்வோவியத்தைப் பின்பற்றித் தம்மையே திருமகளாகப் புனைந்து, தாமே தம்மைப் படம் பிடித்துக்கொள்ளத் திட்டமிடுகின்றனர். எந்தச் சேலை உடுப்பது, எத்தனை மாலை அணிவது, தாமரைக்கு எங்கே போவது என்பனவே அவர்தம் பேச்சாக உள்ளன. அவ்வடிவத்தை அமைத்தவர் எவ்வாறு திட்டமிட்டார், எவரை முன்னிறுத்தி வரைந்தார் என்னும் வினாக்கள் அப்பேச்சில் எழக் காணோம். ஆகவே, ஓவியர் இராஜா இரவிவர்மாவின் வாழ்க்கையை அந்நோக்கோடு சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிறப்பும் இளமையும்

இரவிவர்மா திருவிதாங்கூர் நாட்டிலே, திருவனந்தபுரத்திற்கு வடக்கேயுள்ள கிளிமானூர் அரண்மனையில், 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஏழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு. அன்னையார் உமா அம்பாபாய். பார்வதி சுயம்வரம் என்னும் நூலை இயற்றிய கவிஞர் அவர். உடன்பிறந்தாருள் இளவலாகிய இராஜராஜவர்மாவும், தங்கையாகிய மங்களாபாயும் ஓவியத்தில் வல்லவர்கள். கவிதையும் இசையும் ஓவியமும் ஒருங்கே குடிகொண்டிருந்த இல்லத்தில் வளர்ந்தமையால், இரவிவர்மாவின் உள்ளம் இளமையிலேயே கலையை நாடிற்று. அரண்மனைச் சுவர்களிற் கரித்துண்டு கொண்டு அவர் உருவங்கள் வரைந்தார் என்றும், ஏனையோர் கடிந்துகொள்ள, ஓவியம் பயின்ற அம்மான் இராஜராஜவர்மா ஒருவரே அச்சிறுவனின் திறத்தைக் கண்டு மகிழ்ந்தார் என்றும் கூறுவர்.

பதினான்காம் வயதில், 1862-இல், அம்மான் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் விடுத்தார். அங்கே அரண்மனை ஓவியராகிய இராமசாமி நாயக்கரை அடுத்து நீர்வர்ண முறையை அறிந்துகொண்டார். தைலவர்ண முறையோ அந்நாளில் நம் நாட்டார்க்குப் புதிது. அதனை அறிந்தவரும் பிறர்க்கு எளிதிற் கற்பித்தாரல்லர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்க இசையாமல், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார் என்பர். இரவிவர்மா அதனையே பெரும்பேறாகக் கொண்டார். வர்ணத்தைக் குழைக்கும் முறையையும், கித்தானில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவும் முறையையும், முகத்தின் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாக உருவத்தைத் திரட்டிக் காட்டும் முறையையும் கண்ணாலேயே கற்றார். ஊன்றிப் பார்த்தல் ஒன்றே அவர்க்கு ஆசானாயிற்று எனின் மிகையாகாது.

1866-இல் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதிபாய் அவர்க்கு மனைவியாயினார். 1870-இல் கொல்லூர் சென்று, மூகாம்பிகை கோயிலில் நாற்பத்தொரு நாள் நோன்பிருந்து, அதன் பின்னரே ஓவியத்தைத் தொழிலாக மேற்கொண்டார் என்பது வழிவழி வரும் செய்தி. உயர்குலத்தார் பொருள் பெற்றுக்கொண்டு பிறர்க்கு வரைதல் இழிவெனக் கருதப்பட்ட காலத்தில், அவர் அதனை வெளிப்படையாகச் செய்யத் துணிந்தது சிறிதன்று.

பெற்ற புகழ்

1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் காட்சியில், கூந்தலிற் பூச்சூடும் நாயர் மங்கையின் படம் அவர்க்குக் கவர்னரின் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தது. அப்படமே வியன்னா நகரக் காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டில், சுரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணொருத்தியை வரைந்து சென்னையில் மீண்டும் பரிசு பெற்றார். வேல்ஸ் இளவரசர் 1875-இல் இந்தியாவிற்கு வந்தபோது, மகாராஜா அளித்த கையுறைகளுள் அப்படமும் ஒன்றாயிற்று. சகுந்தலை தாமரையிலையில் மடல் தீட்டும் படமும் இதனையடுத்துத் தோன்றியதே. நம் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையின் மன்னர் இராமச்சந்திரத் தொண்டைமானின் உருவத்தை அவர் 1879-இல் வரைந்தார். இவ்வாறு அரசரும் அலுவலரும் தத்தம் உருவம் வரைவிக்க அவரை நாடி வந்தனர்.

1881-இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாடு அரசுரிமை ஏற்ற விழாவை ஒட்டி, இரவிவர்மா அந்நாட்டிற்கு அழைக்கப்பெற்றார். 1888-இல் அம்மன்னர், இராமாயண பாரதக் கதைகளினின்றும் பதினான்கு ஓவியங்கள் வரைந்து தருமாறு வேண்டினார். அவை 1890-இல் முடிந்து, திருவனந்தபுரத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றன. பின்னர்ப் பரோடாவிலும் மக்கள் திரள்திரளாக வந்து கண்டனர். 1893-இல் அமெரிக்காவிலே சிகாகோ நகரிற் கூடிய உலகக் காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்களும் பரிசு பெற்றன.

வடிவத்தைத் திட்டமிட்ட முறை

பரோடா ஓவியங்களை மேற்கொண்டபோது இரவிவர்மாவிற்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. சீதையும் தமயந்தியும் திரௌபதியும் எத்தகைய உடை உடுத்தியிருந்தனர்? ஒவ்வொரு நாட்டிலும் பெண்டிர் உடை வேறுவேறாயிருந்தது. மலையாள நாட்டு முண்டை உடுத்தினால் வடநாட்டார் தம் சீதையாகக் கொள்ளார். வடநாட்டுப் பாவாடையை உடுத்தினால் தென்னாட்டார் கொள்ளார். ஆகவே அவரும் இளவலும் வடநாட்டிற் பல ஊர்கட்குச் சென்று, பழைய உடை அணிகளை ஆராய்ந்தனர். முடிவில், எல்லா நாட்டாரும் ஏற்கத்தக்கதாகச் சேலையையே தேர்ந்தார். நாடகமேடையிற் கண்ட நிலைகளையும், நிழற்படங்களையும், உயிருள்ள மாந்தரையும் ஒருங்கே துணைக்கொண்டார். இளவல் இராஜராஜவர்மா 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் எழுதிவந்த நாட்குறிப்பு 2005-இல் நூலாக வெளிவந்துள்ளது. உடன்பிறந்தார் இருவரும் ஒருங்கிருந்து உழைத்தமையையும், நிலக்காட்சி வரைவதில் இளவல் வல்லவராய்த் தமையனார்க்குத் துணைநின்றமையையும் நாம் அறிய இயல்கின்றது.

திருமகள் வடிவம் இத்தகைய ஆராய்ச்சியின் பயனே. அதன் சிறப்பை உணரவேண்டுமாயின், முன்னிருந்த வடிவங்களையும் நோக்குதல் வேண்டும். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில், தாமரையில் அமர்ந்த திருமகளுக்கு இரு யானைகள் நீராட்டும் சிற்பம் உண்டு. யாம் வாழும் திருவெள்ளறையிலோ, பல்லவர் காலத்துக் கிணற்றையும் குடைவரையையும் உடைய பழம்பதியிலே, தாமரையாள் என்னும் பொருள்பட வழங்கும் பங்கயச்செல்வித் தாயார்க்கே முதன்மை. திருவுலாவில் அன்னை முற்செல்ல, பெருமாள் பின்தொடர்வது அவ்வூர் வழக்கம். இவ்வடிவங்கள் எல்லாம் சிற்பநூல் வகுத்த அளவில் அமைந்தவை. இன்னார் போன்ற முகம் என்று எவரையும் சுட்டுவன அல்ல.

இரவிவர்மா மரபையும் விட்டாரல்லர். தாமரையும் நான்கு கைகளும் யானையும் அவர் படத்திலும் உள. ஆயின், அமர்ந்தவள் எழுந்து நின்றாள். இரு யானைகளுள் ஒன்றே எஞ்சி, நீர்க்குடத்திற்கு ஈடாக மாலையைத் துதிக்கையில் ஏந்திற்று. தாமரைத் தடாகமும் அன்னங்களும் தொலைவில் மங்கித் தோன்றும் நிலக்காட்சியும் பின்னே அமைந்தன. எல்லாவற்றினும் மேலாக, முகம் நம் ஊர்களில் நாம் காணத்தக்க ஒரு பெண்ணின் முகமாயிற்று. இரு கைகளுடைய பெண்ணை முன்னிறுத்தி நான்கு கைகளுடைய உருவை வரைவது எளிதன்று. பின்னிரு கைகளும் தோளினின்று இயல்பாக எழுவன போலத் தோன்றுமாறு, தாமரை ஏந்திய நிலையில் அவற்றை அவர் உயர்த்தி அமைத்த திறம் வியக்கற்பாலது.

இல்லந்தோறும் சென்ற படம்

தைலவர்ண ஓவியம் ஒன்றே ஒன்றாதலின், அது மன்னர் மாளிகையில் அடங்கிவிடும். கும்பகோணத்திற் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், படங்களை அச்சிட்டு நாடெங்கும் பரப்புமாறு முன்னரே அறிவுறுத்தியிருந்தார். அதற்கிணங்க, 1894-இல் பம்பாயில் இரவிவர்மா அச்சகம் தொடங்கப்பெற்றது. ஜெர்மனியினின்றும் பொறிகளும் தொழில் வல்லாரும் வந்தனர். ஓவியத்திலுள்ள வர்ணங்களைப் பிரித்து, ஒவ்வொரு வர்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில் உருவமைத்து, ஒரே தாளை அக்கற்களின்மீது முறைமுறையாக அழுத்தி அச்சிடுவர். ஒரு கல் இம்மி பிசகினும் முகம் கெடும். சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் முதலில் வெளிவந்தது. பின்னர்த் திருமகளும் கலைமகளும் வெளிவந்து, நாடெங்கும் விரைந்து பரவினர்.

இதன் பயனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அந்நாளிற் கோயிலுட் செல்லும் உரிமை மறுக்கப்பெற்ற மக்கள் பலர். அவர்கள் கருவறையில் உள்ள வடிவைக் கண்டவரல்லர். சிறுவிலைக்குக் கிடைத்த அச்சுப்படம் அத்தெய்வத்தை அவர்தம் குடிசைக்கே கொணர்ந்தது. இரவிவர்மாவின் பெயர்த்தியர் இருவர் 1900-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குச் சுவீகாரம் சென்றனர். அவருள் ஒருவராகிய சேதுபார்வதிபாயின் மைந்தரே சித்திரைத் திருநாள் மகாராஜா. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லா இந்துக்கட்கும் திறந்துவிட்ட அறிக்கை அவரால் வெளியிடப்பெற்றது. ஓவியர் தாளில் திறந்த வாயிலை அவர்தம் கொள்ளுப்பேரர் கல்லிலும் திறந்தார் என்னலாம்.

அச்சகமோ ஓவியர்க்குச் செல்வம் தரவில்லை. பம்பாயிற் கொள்ளைநோய் பரவியதால் தொழில் தளர்ந்தது, கடன் பெருகிற்று. லோணாவ்ளாவிற்கு அண்மையிலுள்ள மளவ்லியில் நடந்துவந்த அதனை, ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். அவ்வச்சகத்தின் பணியில் ஒருகாற் பழகிய தாதாசாகேப் பால்கே என்பவரே, 1913-இல் இராஜா அரிச்சந்திரா என்னும் திரைப்படத்தை வெளியிட்டுப் புகழ்பெற்றார்.

பெயர் அறியப்பெறாத பெண்டிர்

இனி, திருமகளின் முகம் எவருடையது? இவ்வினாவிற்கு உறுதியான விடை இல்லை. பம்பாயில் வாழ்ந்த பாடற்குடிப் பெண்டிர் அவர்க்கு மாதிரியாக நின்றனர் என்பர். ஓரிரு பெயர்களும் செவிவழியாக வழங்குகின்றன. அக்காலச் சமுதாயம் மதிக்கத் தவறிய மகளிர் அவர்கள். வீட்டு வாயிலில் அவர்களை நிறுத்திவைத்த மாந்தரே, அவர்தம் முகத்தை அறியாது பூசையறையில் வைத்து வணங்கினர். அவர்களோ நெடுநேரம் அசையாது நின்று, கூலி பெற்றுச் சென்றனர், பெயர் நிற்கவில்லை. ஓவியராகிய தங்கை மங்களாபாயின் பெயரும் தமையனார் பெயரைப்போல வெளியே பரவவில்லை.

இந்நிலை நம் நாட்டிற்கே உரியதன்று. ஐரோப்பிய ஓவியர் பலர் ஏசுபிரானின் அன்னையை வரைந்தபோதும் எளிய பெண்டிரையே முன்னிறுத்தினர். அவருட் பலர் பெயரும் மறைந்தன. கல்கத்தாவில் 1815-இற் பிறந்து இலங்கையில் 1879-இல் உயிர்நீத்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார், பழைய இத்தாலிய ஓவியங்களைப் பின்பற்றி நிழற்படங்கள் எடுத்தவர். அவர் இங்கிலாந்தில் வாழ்ந்த நாளிலே, தம் இல்லப் பணிப்பெண்ணாகிய மேரி ஹில்லியர் என்பவளையே அன்னை மரியாளாகப் பன்முறை படம் பிடித்தார். அப்பணிப்பெண்ணின் பெயர் இன்றும் அறியப்படுகின்றது. திருமகளாக நின்ற நம் நாட்டுப் பெண்ணுக்கு அவ்வளவு பேறும் கிட்டவில்லை.

இறுதி நாட்களும் பிற்காலத்தார் மதிப்பும்

1904-இல் ஆங்கில அரசாங்கம் இரவிவர்மாவிற்குக் கெய்சர்-இ-ஹிந்து பொற்பதக்கம் அளித்தது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயிர்த்துணையாயிருந்த இளவல் மறைந்தார். அத்துயரால் தளர்ந்த இரவிவர்மா, 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், கிளிமானூரிலே உயிர்நீத்தார்.

அவர் மறைவிற்குப் பின், ஆனந்த குமாரசாமி முதலிய அறிஞர் அவர்தம் ஓவியங்களைக் கடிந்துரைத்தனர். தெய்வங்களை மேடை நடிகர்போல் ஆக்கிவிட்டார் என்பதும், மேனாட்டு முறைக்கு அடிமைப்பட்டார் என்பதும் அவர்தம் குறை. இக்குறையிற் சிறிது உண்மையும் உண்டு. அவர் தீட்டிய தேவியர் பெரும்பாலும் ஒரே வெண்சிவப்பு நிறத்தவர்; கருநிற மேனியின் அழகு அப்படங்கள் பரவியதனால் மங்கிற்று என்று கூறுவாரும் உளர். ஆயினும் மக்கள் உள்ளத்தினின்று அப்படங்களை எவராலும் அகற்ற இயலவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என்னும் கலைஞர், கிளேர் ஆர்னி என்னும் நிழற்பட வல்லாரோடு சேர்ந்து, 2000 முதல் 2004 வரை தென்னாட்டுப் பெண்டிர் உருவங்களைக் குறித்துப் படத்தொகுதி ஒன்றை ஆக்கினார். இரவிவர்மாவின் திருமகளாகவும் நிலவொளியில் இருக்கும் நங்கையாகவும் அதில் தாமே தோன்றினார். 2020-இல் சென்னையிலும், திரைப்பட நடிகையரை இரவிவர்மாவின் ஓவியங்கள்போல் நிறுத்தி எடுத்த படங்கள் நாட்காட்டியாக வெளிவந்தன. நம் இளைஞர் மேற்கொள்ள நினைக்கும் முயற்சிக்கு இவை முன்னோடிகள்.

அம்முயற்சியை மேற்கொள்வார் இரவிவர்மாவைப் போலவே முதலில் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். படத்தில் ஒளி எப்பக்கத்தினின்று வருகின்றது, நிழல் எங்கே விழுகின்றது, உடலின் பாரம் எக்காலில் நிற்கின்றது, சேலையின் மடிப்பு எவ்வாறு இறங்குகின்றது என்பவற்றைத் தாளிற் குறித்துக்கொள்க. கருவியைத் தொலைவில் நிறுத்தித் தன்னைத் தானே படம் எடுப்பவர் எடுக்கும் பொழுது தன்னைத் தெளிவாகக் காண்டல் அரிது. ஆதலின் நிற்குமிடத்தைத் தரையிற் சுண்ணாம்பால் குறித்து, கருவியைத் தாங்கியில் அசையாது நிறுத்தி, வேறொருவரை அவ்விடத்தே நிற்கச் செய்து அளவு பார்த்தல் நன்று. பின்னிரு கைகட்குத் தோழி ஒருத்தியைப் பின்னே மறைந்து நிற்கச் செய்யலாம். அல்லது இருமுறை எடுத்த படங்களை இணைக்கலாம். அணிகள் மிகுதலினும் நிலை பொருந்துதலே முதன்மை. கருநிறத்தவர் தம் மேனிநிறத்தை மாவு பூசி மறைத்தல் வேண்டா; ஓவியர் செய்யத் தவறியதை அவர்கள் செய்து காட்டலாமன்றோ!

இஃது எவ்வகையாலும் விளையாட்டன்று என்பதும் நினைவிலிருத்தல் வேண்டும். திருவெள்ளறைத் தெருவில் தாயார் எழுந்தருளும்போது கைகூப்பி நிற்கும் முதியோரை யாம் இளமை தொட்டுக் கண்டு வருகின்றோம். எம் வழிபாடு வேறாயினும், அவர்தம் கண்ணில் உள்ள அன்பு எமக்கும் விளங்குகின்றது. அவ்வன்பிற்கு உரிய வடிவைப் புனைவோர், அவர் பார்த்து மனம் வருந்தாவண்ணம் புனைதல் கடமை. அதனோடு மற்றொன்றும் செய்தல் வேண்டும். படத்தின் கீழே, அதில் நின்றவர் பெயரையும், பின்னே மறைந்து நின்று கைகொடுத்த தோழியின் பெயரையும், சேலை உடுத்திவிட்டவர் பெயரையும் மறவாது எழுதுக. இரவிவர்மாவின் முன் நெடுநேரம் நின்று திருமகளுக்குத் தம் முகத்தை ஈந்த பெண்டிர்க்கு நாம் இன்று செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.

கண்ணாற் கற்று, கையால் உழைத்து, மன்னர் மாளிகையில் இருந்த கலையை மக்கள் மனைக்குக் கொணர்ந்த ஓவியர் பெருமகனார் புகழ் நிலவுக! அவர்க்கு முகம் ஈந்த பெண்டிரும் நம் நினைவில் வாழ்க!